ஒரு விழுக்காடு நாற்காலி

புது மாவட்டம் என்றால் புது அலுவலகங்கள் முளைக்கும். கள்ளக்குறிச்சியில் அப்படி முளைத்த ஒன்றுக்குக் குறுந்தொழில் எண்ணியல் உய்வு மையம் என்று பெயர். பழைய நெல் கிடங்கு ஒன்றின் மாடியில் அதைத் திறந்தார்கள். பெயர்ப்பலகை வந்தது, முத்திரைக் கட்டைகள் வந்தன, வருகைப் பதிவேடு மூன்று வண்ணத்தில் வந்தது. உட்கார நாற்காலி மட்டும் வரவில்லை. அதனால் முப்பது நாற்காலியை வாடகைக்கு எடுத்தார்கள். கொடுத்தவன் தங்கதுரை. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த முப்பது நாற்காலிதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அவன் பலமுறை முயன்று பார்த்தான். முடியவில்லை.

கச்சிராயபாளையம் சாலையில் தங்கதுரைக்கு வாடகைக் கடை. அறுநூறு நாற்காலி, நாற்பது அண்டா, ஜமக்காளம், பந்தல் சாமான். காதுகுத்திலிருந்து கருமாதி வரை அவன் நாற்காலி இல்லாமல் அந்தப் பக்கம் எதுவும் நடக்காது. இருபத்திரண்டு வருஷமாக அவன் யாரிடமும் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான். "நம்ம நாற்காலிக்கு இன்னார் இனியார்னு கிடையாதுங்க. எல்லாத் தெருவுக்கும் போவும், எல்லாரையும் ஒரே மாதிரி தாங்கும்."

ஆர்டரெல்லாம் ஒரு நோட்டிலும் ஒரு தினசரி காலண்டரிலும் இருந்தன. அவை இரண்டிலும் இல்லாதவை அவன் மனைவி பெரியநாயகியின் தலையில் இருந்தன. நோட்டும் காலண்டரும் அடிக்கடி தப்பும், பெரியநாயகி தப்பியதே இல்லை. ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்தாள். அந்த நான்கு நாளில் அதே முந்நூறு நாற்காலியை இரண்டு கல்யாணத்துக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, இரண்டு பெண் வீட்டாரிடமும் தங்கதுரை திட்டு வாங்கினான். கொரோனாவால் தள்ளிப்போட்ட கல்யாணமெல்லாம் தையில் வந்து குவியப்போகிறது. இனி ஆர்டரையும் கணக்கையும் சேர்த்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வேண்டும் என்று முடிவெடுத்தான்.

விசாரித்தான். சென்னைக் கம்பெனியில் ஒரு பெண் தேனாகப் பேசினாள். கணக்கு எழுத ஒரு மென்பொருள், ஆர்டர் எடுக்க இன்னொன்று, இரண்டும் ஒன்றோடொன்று பேச மூன்றாவது ஒன்று என்றாள். "ஒரே கடையில கீறதுங்க ரெண்டும் பேசிக்கறதுக்கு எதுக்குமா மூணாவது ஆளு?" என்று கேட்டான். அதற்குத் தனிக் கட்டணம் என்றாள். சேலத்துக்காரர் ஒருவர் எல்லாம் ஒன்றிலேயே இருக்கிறது என்று சொல்லி விலையையும் சொன்னார். அந்த விலைக்குத் தங்கதுரை இன்னொரு அறுநூறு நாற்காலி வாங்கிவிடலாம்.

அப்போதுதான் அந்த முப்பது நாற்காலியின் வாடகையை நீட்டிக்கப் பேச வந்த இடத்தில் உய்வு மையத்தின் திட்ட ஒருங்கிணைப்பாளர் வெற்றிவேல் ஒரு துண்டறிக்கையை நீட்டினார். 'ஆணைச்சுடர்: ஒருங்கிணைந்த ஆணை மற்றும் கணக்கியல் மென்பொருள். முழுவதும் தமிழில். முழுவதும் இலவசம்.'

"இதில் ஓர் ஆங்கிலச் சொல்கூட இல்லை" என்றார் வெற்றிவேல். "பதினோரு பேர் கொண்ட குழு இரண்டாண்டு மொழிபெயர்த்தது. குழுவில் யாரும் கடை வைத்தவர்கள் இல்லை. ஆகவே பாரபட்சத்துக்கு இடமில்லை."

இலவசம் என்ற சொல்லைத் தாண்டித் தங்கதுரையின் காது வேறு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அது அவன் முதல் தப்பு. கடைக்காரன் செய்கிற தப்புதான், அதை மன்னித்துவிடலாம்.

ஆணைச்சுடரைத் திறந்தால் முதலில் 'புதிய கட்சி தொடங்கு' என்று ஒரு பொத்தான் வந்தது. தங்கதுரை பயந்துபோய் மூடிவிட்டான். தேர்தல் வருகிற சமயம், நமக்கெதற்கு வம்பு என்று இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகுதான் புரிந்தது. பஜாரில் வாடிக்கையாளரைப் பார்ட்டி என்போமே, அந்தப் பார்ட்டியைக் குழு மொழிபெயர்த்திருந்தது. ஆர்டர் ஆணையாகியிருந்தது. ஓப்பனிங் பேலன்ஸ் 'திறப்பு விழா இருப்பு' ஆகியிருந்தது. ஒரு வாரத்தில் தங்கதுரை முந்நூற்றுப் பன்னிரண்டு கட்சிகளைத் தொடங்கினான். அந்த வருஷம் மாநிலத்தில் வேறு யாரும் அவ்வளவு தொடங்கியிருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கட்சிக்கும் பெயர், ஊர், தொலைபேசி கேட்டது. அதற்குக் கீழே, சிவப்பு நட்சத்திரம் போட்டு, மூன்று கட்டங்கள். வகுப்பு. ஒதுக்கீடு. விழுக்காடு.

அப்போது ஊரெல்லாம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். கிராம நிர்வாக அலுவலகத்தில் மனு, தாலுகா ஆபீசில் மனு, கலெக்டர் ஆபீசில் மனு. டீக்கடையில் சர்க்கரை கம்மி என்றால்கூட எத்தனை சதவீதம் கம்மி என்று கேட்டார்கள். அந்த மூன்று சொல்லையும் அந்த வரிசையில் பார்க்கிற எவனுக்கும் வேறு அர்த்தம் தோன்றாது என்று தங்கதுரை உறுதியாக நம்பினான். இருந்தாலும் மனசு கேட்காமல் மையத்துக்குப் போனான்.

"வகுப்பு கண்டிப்பா போடணுங்களா சார்?"

"சிவப்பு நட்சத்திரம் இட்ட கட்டம் அனைத்தும் கட்டாயம்" என்றார் வெற்றிவேல்.

"நாற்காலி வாடகைக்கு எதுக்குங்க அது?"

"கட்டத்தை நிரப்புவது தங்கள் பணி. கட்டத்தின் பொருளை விளக்குவது சென்னையின் பணி. இரண்டுக்கும் இடையில் இருப்பது என் பணி. நான் இரண்டையும் செய்வதில்லை."

தங்கதுரை திரும்பி வந்து கடையில் உட்கார்ந்து நிரப்பினான். பி.சி.க்கு இருபத்தாறரை. எம்.பி.சி.க்கு இருபது. எஸ்.சி.க்குப் பதினெட்டு. எஸ்.டி.க்கு ஒன்று. மத்தியானம் ஆரம்பித்தவன் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டான்.

நடுவில் காப்பி கொண்டுவந்த பெரியநாயகி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "யாரக் கேட்டு எழுதற?"

"யாரயும் கேக்கல. எனக்குத் தெரியாதா?"

"முந்நூறு பேருக்குமா?"

அவன் கை கீபோர்டின் மேல் ஒரு நொடி நின்றது. தூரத்துத் திருநாவலூர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்குக்கூட அவன் தயங்கியிருக்கவில்லை. அந்த முந்நூறு பேரில் இரண்டு பேருடைய தாத்தா பேரைத்தான் அவனுக்குச் சொல்லத் தெரியும். "ஏவாரம் பண்றவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டான். பெரியநாயகி உள்ளே போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவது நல்லதற்கில்லை என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் காப்பி சூடாக இருந்தது.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் சின்னக்கண்ணு. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் சாமை விதைக்கிற ஆள். கார்த்திகையிலேயே பஸ் பிடித்து இறங்கி வந்து, தை இருபதாம் தேதி தன் மகள் கோகிலவாணி கல்யாணத்துக்கு நூறு நாற்காலியும் பத்து ஜமக்காளமும் சொல்லியிருந்தார்.

"பெரிய பொண்ணு கல்யாணத்துல மாப்ள வூட்டுக்காரங்கள கீழ உக்கார வெச்சிட்டோங்க. பாயிதான் போட்டோம், சுத்தமான பாயி. எட்டு வருசமாவுது, இன்னும் அவள சொல்லிக் காட்டறானுங்க. நாற்காலிக்கி வக்கில்லாத வூடுன்னு. இவளுக்கு அந்தப் பேரு வரக்கூடாதுங்க."

"நாற்காலி என் பொறுப்பு" என்று தங்கதுரை நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தான். "ஒண்ணு கொறைஞ்சா என்னக் கேளுங்க."

தை இருபது முகூர்த்த நாள். அன்றைக்கேதான் மையத்தில் சான்றளிப்பு விழா. ஆணைச்சுடர் அன்று காலை முதல் தானே சீட்டு அச்சிடும், சீட்டில் உள்ளபடிதான் சரக்கு போக வேண்டும், பேனாவால் திருத்தினால் இலவசம் ரத்து. விழாவுக்கு வராவிட்டாலும் இலவசம் ரத்து. கிடங்கில் பூமாலையிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தங்கதுரை விடியற்காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டான். பூமாலை கருணாபுரம் காலனிக்காரர். பதினெட்டு வருஷமாக அந்தக் கிடங்கில் நாற்காலி ஏற்றி இறக்குகிறவர். பெரியநாயகி முந்தின நாளே திருநாவலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

விழா ஏழு மணிக்கு என்றார்கள், ஒன்பதுக்கு ஆரம்பித்தது. வாசலிலேயே செல்போன்களின் சத்தத்தை அணைத்து வாங்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டார்கள். தன் நாற்காலி ஒன்றிலேயே தங்கதுரையை உட்கார வைத்தார்கள். வெற்றிவேல் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினார்.

"இம்மையம் தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு புகார்கூட இல்லை. காரணம், புகார்ப் படிவம் இன்னும் அச்சாகவில்லை. நாற்பது பேருக்கு மென்பொருள் வழங்கினோம். அவர்களுள் முப்பத்தொன்பது பேர் மூன்று கட்டங்களைச் சரியாக நிரப்பவில்லை. ஒருவர் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்சிகளுக்கும் பிழையின்றி நிரப்பியிருக்கிறார். நேற்று மேலிடத்திலிருந்தே தொலைபேசியில் கேட்டார்கள். மாவட்டத்தில் இப்படி ஒரு பட்டியல் யாரிடமும் இல்லையாம். வீடு வீடாகப் போனாலும் இவ்வளவு கிடைக்காதாம். எப்படித் திரட்டினீர்கள் என்று அவரே சொல்லட்டும்."

மைக்கை நீட்டினார்கள். தங்கதுரை எழுந்தான். "கேட்டெல்லாம் எழுதலைங்க. தெரியும்" என்றான். பலமான கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் அவன் பெயர் தங்கத்துறை என்று இருந்தது, ஏதோ அரசாங்க இலாகா மாதிரி.

பின்வரிசையில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் அபிநயா எழுந்தாள். "சார், நான் வகுப்புல எட்டாம் வகுப்பு, ஆ பிரிவுன்னு போட்டேன். அது தப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிவேல் ஒரு உறையைப் பிரித்தார். "சென்னையிலிருந்து விளக்கக் குறிப்பு இன்று காலைதான் வந்தது. படிக்கிறேன். 'வகுப்பு என்பது மொத்த வாடிக்கையாளர், சில்லறை வாடிக்கையாளர் என்ற பாகுபாடு. ஒதுக்கீடு என்பது ஆணை பெற்ற சரக்கைப் பிறருக்குத் தராமல் எடுத்து வைத்தல். விழுக்காடு என்பது ஆணையில் எவ்வளவு பங்கை அனுப்புவது என்பது. அக்கட்டத்தில் சுழியம் இட்டால் முழுவதும் அனுப்பப்படும்.'"

அந்தக் குளிர்காலத்திலும் தங்கதுரைக்குப் பொன்னாடைக்குள் வேர்த்தது. சுழியம். ஒன்றுமே தெரியாதவனாக ஒரு பூஜ்யத்தைப் போட்டிருந்தால் எல்லாருக்கும் முழுசாகப் போயிருக்கும். அவன் நினைவில் தெருக்கள் ஓடவில்லை, சதவீதங்கள் ஓடின. கடைசியில் மலையேறிப் போய் நின்றது.

"சார், சின்னக்கண்ணுக்கு ஒண்ணு போட்டுட்டேன் சார்!" என்று எழுந்து கத்தினான்.

"கேள்விகளை எழுத்து வடிவில் தரவும்" என்றார் வெற்றிவேல். "வாடிக்கையாளர் கேட்டால் இயந்திரக் கோளாறு என்று சொல்லவும். இயந்திரம் மறுத்துப் பேசாது."

வாளியிலிருந்து செல்போனைப் பொறுக்கியபோது மணி பதினொன்று. நாற்பத்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. கிடங்குக்கு வண்டியை விரட்டினான்.

கிடங்கு வாசலில் ரைஸ் மில் சின்னராசு நின்றார். பேரனுக்குக் காதுகுத்து. "நூறு சொன்னேன். இருபத்தாறு நாற்காலியும் ஒரு முக்காலியும் வந்துக்கீது. முக்காலி எதுக்குடா?"

"சீட்டுல இருபத்தாறரன்னு இருந்துச்சிங்க" என்றார் உள்ளேயிருந்து பூமாலை.

சின்னராசு பக்கத்தில் போராட்டச் சங்கத்து இளஞ்செழியன் கோபமாக நிற்க வேண்டியவர், சிரித்துக்கொண்டு நின்றார். "இருநூறு கேட்டோம், நாப்பது அனுப்பிச்சிருக்க. கணக்குப் போட்டா கரெக்டா இருவது சதவீதம். ரோட்டுல உக்காந்து கேட்டுக்கினு கீறோம், நீ குடோன்லருந்து குடுத்துட்டியே! ஆனா ஜனம் நின்னுக்கினு கீது, மீதியயும் குடு."

தங்கதுரை இருவருக்கும் கும்பிடு போட்டு, இருந்த ஆட்களை வைத்து ஏற்றியனுப்பினான். பிறகு பூமாலையிடம் கேட்டான். "மலைக்கு?"

"போயிடுச்சிங்க. குட்டியானை வண்டில. ஒரு நாற்காலி. ஜமக்காளம் பத்து சொல்லியிருந்தாங்க, சீட்டுல சைபர்னு வந்துச்சு."

"ஒரு நாற்காலிய எவனாவது அம்பது கிலோமீட்டர் மலையேத்தி அனுப்புவானா? ஒனக்குத் தோண வேணாமா?"

பூமாலை சீட்டை எடுத்து நீட்டினார். கச்சேரி மேடை போல இரண்டு பெரிய அடுக்குகள் கிடங்கில் இருக்கும். வலப்பக்கம் போன வருஷம் வாங்கிய புது நாற்காலிகள். இடப்பக்கம் சாயம் போனதும், கால் பிளந்து கம்பி போட்டுக் கட்டியதும். "சரி, தொண்ணூத்தொம்பதயும் ஜமக்காளத்தயும் ஏத்து, நானே ஓட்டிக்கினு போறேன்" என்றான் தங்கதுரை. பூமாலை நேராக இடப்பக்க அடுக்குக்குப் போய்க் கை வைத்தார்.

"அது இல்ல. புதுசுல எடு."

பூமாலை திரும்பிப் பார்த்தார். "மலைக்குங்களா?"

"ஏன், மலைக்கு இன்னா?"

"இல்லீங்க. பதினெட்டு வருசமா மலைக்கும் எங்க கருணாபுரத்துக்கும் இந்தப் பக்கத்துலருந்துதான் எடுக்கறேன். நீங்க வாயால சொன்னதில்ல. மொத நாளு நான் புதுசுல கைய வெச்சப்ப பார்த்தீங்க, அவ்ளோதான். இன்னிக்கி சீட்டுல ஒண்ணுன்னு இருந்தப்ப, இவ்ளோ நாளு பாத்துப் பாத்து ஏத்தினது இப்ப மிசினுக்கும் தெரிஞ்சிபோச்சின்னு நெனச்சேன். தப்பா தெரியல."

கோபத்தோடு சொன்னால் தாங்கியிருக்கலாம். சுண்ணாம்பு கேட்கிற குரலில் சொன்னார் மனுஷன். தங்கதுரை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தான். நாற்காலிக்கு இன்னார் இனியார் கிடையாது என்பது மெய்தான், நாற்காலி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவன்தான் பார்த்திருக்கிறான். அதை யாரும் எழுதிவைக்காத வரைக்கும் அவனுக்கே தெரியாமல் இருந்தது, அல்லது தெரியாமல் இருப்பது சௌகரியமாக இருந்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. வலப்பக்க அடுக்கிலிருந்து அவனும் சேர்ந்து நாற்காலி தூக்கினான். பூமாலை வேண்டாமென்று சொல்லவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி இருவரும் வளைவுகளில் ஏறினார்கள். பின்னால் நாற்காலிகள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொண்டு வந்தன. என்ன சொல்வது என்று தங்கதுரை ஒத்திகை பார்த்தான். இயந்திரக் கோளாறு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அது நல்ல பொய்யாகத்தான் தெரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பந்தலுக்குக் கீழே மாப்பிள்ளை வீட்டார் முழுக்கப் பாயிலும் சாக்கிலும் வெறுந்தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கம்பி கட்டிய காலோடு ஒரே ஒரு நாற்காலி. அதில் யாரும் இல்லை.

சின்னக்கண்ணு ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று தங்கதுரை தலையைக் குனிந்தான். அவரோ அவன் தோளைப் பார்த்தார். அவசரத்தில் கழற்ற மறந்த பொன்னாடை அங்கேயே கிடந்தது.

"வந்துட்டீங்களா! கல்யாணத்துக்குன்னு பொன்னாடையெல்லாம் போத்திக்கினு வந்துக்கீறீங்களே."

"ஐயா, நாற்காலி..."

"சம்மந்திய அதுல உக்காருங்கன்னு சொன்னேன். அத்தினி சனம் கீழ கெடக்கறப்ப நான் மட்டுமான்னு கேட்டுட்டாரு. பொண்ணு மூஞ்சிதான் பாக்க முடியல. உள்ள போனவ வெளியவே வரல." சின்னக்கண்ணு குரல் கொஞ்சம் இறங்கியது. "இன்னா ஆச்சுங்க? நூறுன்னுதான சொன்னேன்?"

இயந்திரக் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் பூமாலை நின்றுகொண்டிருந்தார். "கம்ப்யூட்டரு ஒங்க வகுப்ப கேட்டுச்சிங்க" என்றான். "நான் எழுதிட்டேன். அதுக்கு ஒண்ணுன்னு கணக்கு."

சின்னக்கண்ணு யோசித்தார். "என்னிய கேக்கவேயில்லியே நீங்க?"

"இல்லீங்க."

"கேட்டிருந்தா நூறுன்னு சொல்லியிருப்பேனே" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பிறகு பந்தலுக்குள் திரும்பி, ஊர்க்காரர்கள் விருந்தாளிக்குச் செய்வதைச் செய்தார். துண்டால் அந்த ஒற்றை நாற்காலியைத் துடைத்தார். "மலையேறி வந்த மனுசன் நிக்கக் கூடாது. உக்காருங்க."

"வேணாங்க, வண்டில நாற்காலி..."

"அது எறக்கிக்கலாம். மொதல்ல உக்காருங்க. ஒங்க நாற்காலிதான."

கீழே இருந்த இருநூறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மூத்த பெண்ணின் மாமியார் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். தங்கதுரை உட்கார்ந்தான். பதினெட்டு வருஷமாக மலைக்கு அனுப்பும் நாற்காலியில் அவன் உட்கார்வது அதுதான் முதல் தடவை. பின்னங்கால் ஒன்று குட்டையாக இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, விழாமலிருக்க இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டான். யாரோ இலையோடு சாப்பாட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார்கள்.